சங்கேதக் குறுக்கெழுத்து: விடையைப் பிடிக்க 5 வழிகள்

* முதலில் குறிப்பின் தொடக்கத்தையும் முடிவையும் பாருங்கள். விடையின் நேர்ப்பொருள் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். மீதியெல்லாம் விடையைக் கட்டும் வழி.

* கலங்கிய, குழம்பிய, சிதறிய என்று வந்தால் எழுத்துகளை இடம் மாற்றுங்கள். ‘கலங்கிய ரசம், தலையில் சூடலாம் (3)’. ரசத்தைக் கலைத்தால் சரம்.

* உள்ளே, நடுவே, மறைந்து என்று வந்தால் சொற்களின் இடைவெளியை மறந்துவிட்டுப் படியுங்கள். ‘வசந்தா மரை கழன்றதும் உள்ளே கண்ட மலர் (3)’. வசந்தாவின் ‘தா’வோடு மரை சேர்ந்தால் தாமரை.

* தலை, கால், முதல், கடை, முடிவு ஆகியவை எழுத்தை எடுக்கவோ வெட்டவோ சொல்பவை. ‘குசனின் சகோதரன் முடிவின்றிக் கைக்குள் நுழைய, ஊரில் கலகம் (5)’. லவனின் கடைசி எழுத்தை நீக்கினால் ‘லவ’. கை என்றால் கரம். கரத்துக்குள் லவ நுழைந்தால் கலவரம்.

* அடைப்புக்குள் உள்ள எண், விடைக்கான கட்டங்களின் எண்ணிக்கை. உயிர்மெய்க்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்க்கும் ஒரு கட்டம். சரம் என்பதில் ச, ர, ம் என மூன்று.

விடை சரிதானா? பக்கத்தில் க(லவ)ரம் என்று பிரித்து எழுதிப் பாருங்கள். குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன வேலை என்று அடுத்தவருக்குச் சொல்ல முடிந்தால் பேனாவால் நிரப்பலாம். ஒரு சொல் வேலையில்லாமல் நின்றால் பென்சிலே போதும்.