அடிக்குறிப்பு வரையும் முறை

நூலைத் தடையின்றிப் படித்துச் செல்லவும், ஐயம் எழுந்தவிடத்து உடனே தெளியவும் துணைபுரிவது அடிக்குறிப்பு ஆகும். 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், தம் பதிப்புகளில் பாடவேறுபாடுகளையும் ஒப்புமைப் பகுதிகளையும் பக்கத்தின் அடியில் தந்து இதற்கு வழிகாட்டினார்.

நம் வட்டாரத்து நூல்களுக்கு இதன் தேவை மிகுதி. எட்டயபுரத்தில் அடக்கமாகியுள்ள உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களை உடையது. இவை முறையே பிறப்பு, நபித்துவம், புலம்பெயர்வு எனப் பொருள்படும். குறிப்பின்றேல் காண்டப் பெயர்களே மாணவர்க்குப் புதிராகிவிடும்.

அரபுச் சொல்லுக்கேனும் அகராதி உண்டு. கடற்றுறைச் சொல்லின் நிலை வேறு. 'முத்துப் பார்' என்பதில் 'பார்' என்பதற்கு 'உலகம்' என மாணவர் ஒருவர் எழுதக் கண்டோம். சிப்பி விளையும் கடலடித் திட்டே ஈண்டுப் பார் எனப்படுவது. முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னும் சொல்லும் அத்தகையதே. தூத்துக்குடிக் கடலில் 1961-க்குப் பின் பெருஞ்சலாபம் நிகழாமையால், இச்சொற்களைத் தொழிலோடு அறிந்தோர் அருகி வருகின்றனர்.

எனவே குறிப்புகளை மூவகையாகப் பிரித்தல் நன்று:

1. சொற்பொருள்: எண்ணால் குறிக்க.
2. பாடவேறுபாடு: உடுக்குறியால் குறிக்க.
3. வட்டார வழக்கு: அ, ஆ என எழுத்தால் குறித்து, கேட்ட ஊரையும் ஆண்டையும் சேர்க்க.

குறியைச் சொல்லை அடுத்தே இடுக; ஒரு குறிப்பு ஒரு செய்தியையே கூறுக.

இந்நாளில் கணினியில் பதிப்போர்க்கும் இம்முறை பொருந்தும். இணையத் திரையில் தாளின் அடி என்பதில்லை. ஆதலின் குறிப்புகள் கட்டுரையின் இறுதியில் திரள்கின்றன. குறியை அழுத்தினால் குறிப்புக்குச் செல்லவும், அங்கிருந்து விட்ட இடத்துக்கே மீளவும் இணைப்பு அமைத்தல் வேண்டும். பக்க வார்ப்புருவில் மூவகைக்கும் தனித்தனிப் பெயரிட்டுவிடின், இடையில் புதுக்குறிப்புச் சேர்ப்பினும் வரிசையெண் தானே திருந்தும்.

எண்ணிடுதலைக் கணினி செய்யும். 'பார்' என்பதன் பொருளை அது கடற்கரைக்குச் சென்று கேட்டு வாராது. மாணவச் செல்வங்கள் காயல்பட்டினத்துக்கும் புன்னைக்காயலுக்கும் சென்று, முதியோர் வாய்மொழியை இன்றே குறித்துக்கொள்வாராக. அவர்தம் சொல் நாளைய பதிப்பின் அடியில் நிற்குமாயின், அதுவே நாம் அவர்க்குச் செய்யும் சிறந்த கைம்மாறாகும்.