வெயிலில் முதல் முழு மாரத்தான்: ஈப்போ வட்டார ஓட்டக்காரர்களுக்கு

அரை மாரத்தான் ஓடி முடித்துவிட்டீர்கள். அடுத்து 42.195 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்க நினைக்கிறீர்கள். கால் தாங்குமா, மூச்சு தாங்குமா என்பதுதான் முதலில் மனத்தில் எழும். நம் நாட்டில் அதற்கு முன் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: ஓடும்போது உடம்பில் உண்டாகும் சூடு வெளியே போக வழி இருக்கிறதா?

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 60 கலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்கு சூடாகவே மாறுகிறது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், மணிக்குச் சுமார் 360 கலோரிச் சூடு உள்ளே பிறக்கும். அது வெளியேறாமல் அப்படியே தங்கினால், 8 நிமிடத்திற்கு ஒரு டிகிரி வீதம் உடல் வெப்பம் ஏறும். இதிலிருந்து நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரிச் சூட்டை எடுத்துச் செல்கிறது. ஆனால் அது ஆவியாக வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை நீரையும் உப்பையும் கொண்டுபோகுமே தவிர, உடம்பைக் குளிரச் செய்யாது.

ஈப்போவில் விடியற்காலை வெப்பம் 24 டிகிரி அளவில் இருக்கும். குளுமையாகத் தோன்றினாலும் அந்நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுவது சாதாரணம். வியர்வை காய்வதில்லை. போலோ திடலில் காலை நான்கு சுற்று ஓடியவரின் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வடிவது இதனால்தான். செம்மோர், சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டச் சாலைகளில் ஓடுகிறவர்கள் நிழல் இருப்பதால் பாதுகாப்பு என்று எண்ணுகிறார்கள். நிழல் நல்லதுதான். ஆனால் செம்பனை வரிசைகளுக்கு நடுவே காற்று அசைவதில்லை. வெயில் படாத இடத்திலும் உடல் சூடேறும்.

வெற்றி பெற்றவரே மெதுவாக ஓடிய பந்தயம்

2019 செப்டம்பரில் கத்தாரின் தோஹா நகரில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. வெப்பத்துக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 32 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அத்தனை பேரும் நாட்டைப் பிரதிநிதித்தவர்கள். வெற்றி பெற்ற கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதே ஆண்டு சனவரியில் துபாயில் அவர் 2 மணி 17 நிமிடத்தில் ஓடியிருந்தார். ஏறக்குறைய 15 நிமிடத்தை அவர் வெப்பத்துக்கு விட்டுக்கொடுத்தார்.

முதல் மாரத்தான் ஓடும் நீங்களும் விட்டுக்கொடுக்க வேண்டும், அதையும் முதல் கிலோமீட்டரிலேயே செய்ய வேண்டும். நண்பர் ஐந்து மணி நேரத்தில் முடித்தார் என்பதற்காக நீங்களும் அதே நேரத்தைக் குறி வைக்காதீர்கள். முதல் 30 கிலோமீட்டர் வரை பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்கினால், கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் வேகம் அதிகம்.

கடைசி 18 கிலோமீட்டர்

நம் நாட்டில் முழு மாரத்தான் பெரும்பாலும் விடியற்காலை 4 மணி வாக்கில் தொடங்குகிறது. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று ஓடினால், காலை 7.15 அளவில் சூரியன் எழும்போது நீங்கள் 24 கிலோமீட்டரில் இருப்பீர்கள். மீதி 18 கிலோமீட்டர் வெயிலில். முடிக்கும்போது மணி 9.38.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார் விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் மரம் வெட்டி முடித்தார்கள். குளுமையில் பால் நன்றாக வடியும் என்பது அதற்குக் காரணம். உடம்புக்கும் அதுவே ஒத்துவந்தது. மாரத்தான் இதற்கு நேர்மாறு. உடம்பு மிகவும் களைத்திருக்கும் நேரத்தில்தான் வெயிலுக்குள் போகிறீர்கள். ஆகவே காலை 5 மணிக்கு மட்டும் பயிற்சி செய்வது போதாது. பகல் முழுவதும் ஏர்கோன் அறையில் வேலை செய்பவருக்கு, இந்நாட்டிலேயே பிறந்திருந்தாலும், வெப்பம் பழகியிருக்காது. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது தொடங்கி, காலை 9 மணி வாக்கில் 20 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். சில நாள் இடைவெளியில் 30, 40, 60 நிமிடம் என்று கூட்டலாம். உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும். வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்த நாளிலும், புகைமூட்டம் உள்ள நாளிலும் இதைச் செய்யாதீர்கள்.

தோட்டச் சாலையில் தனியாகப் போகாதீர்கள். தோட்டம் கைமாறியிருக்கும், லயங்கள் இடிக்கப்பட்டிருக்கும்; கோயிலும் தமிழ்ப்பள்ளியும் மட்டும் பழைய தோட்டத்துப் பெயரோடு நிற்கும். 999-க்கு அழைக்க நேர்ந்தால் ஆம்புலன்சுக்கு அந்தப் பெயர்தான் வழிகாட்டும். புறப்படும் முன்பே தெரிந்து வையுங்கள்.

தண்ணீர் எவ்வளவு?

நிறையக் குடி என்பது பாதி உண்மை. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவில் இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறி நீர் குடித்து எடை கூடியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும், ஓடித் துடைத்துக்கொண்ட பின்னும், உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அதைவிட அதிகமாகக் குடிக்கத் தேவையில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். ஒரு மணி நேரத்துக்குப் பின் வெறும் தண்ணீரோடு உப்பு கலந்த ஐசோடோனிக் பானத்தையும் மாற்றி மாற்றி எடுங்கள். தலையிலும் கழுத்திலும் நீர் ஊற்றிக்கொள்வது நல்ல பழக்கம்.

முதலில் கிளினிக்குக்கு

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே இது மிக அதிகம். பலருக்கு இருப்பதே தெரியாது. பதிவு செய்வதற்கு முன் அருகிலுள்ள சுகாதார கிளினிக்கில் இரத்த அழுத்தம், சர்க்கரை, இருதயம் மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுபவர் போட்டியைப் பற்றி டாக்டரிடம் சொல்ல வேண்டும், தாமாக நிறுத்தக்கூடாது. கால் வலிக்கும் என்று ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். போட்டிக்கு முன் மூன்று நாளில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஓட வேண்டாம். கட்டிய பணம் போகட்டும்.

உடன் வருபவர் படிக்க வேண்டிய பகுதி

வெப்பத் தாக்கு வந்தவருக்கு அது வந்தது தெரியாது. ஆகவே இதை வீட்டாரிடம் கொடுங்கள்.

ஓடுபவர் தள்ளாடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார், காரணமில்லாமல் கோபப்படுகிறார், நாள் கிழமை தெரியவில்லை என்றால் அது களைப்பு அல்ல. உடனே நிறுத்துங்கள். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்பது தவறு. ஓட்டக்காரருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம்.

999-க்கு அழையுங்கள். ஆம்புலன்சு வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிரச் செய்யுங்கள். தொட்டியில் ஐஸ் நீர் இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி உட்கார வையுங்கள். பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். தொட்டி இல்லையென்றால் நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுவதும் விடாமல் நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். முதல் அரை மணி நேரத்தில் வெப்பம் இறங்கினால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம். தெளிவில்லாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது.

ஓடி முடித்த அன்றோ மறுநாளோ சிறுநீர் கோக்கா-கோலா நிறத்தில் போனாலும், பல மணி நேரம் சிறுநீரே வராவிட்டாலும், அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். முழு மாரத்தான் ஓடியதை அங்கே முதலில் சொல்லுங்கள்.