திரையில் பாதி, நேரில் பாதி

கேள்வி: மலேசியாவின் மெர்சிங்கில் வெள்ள நிவாரணத் தொண்டர்களுக்கு இணையவழிப் பயிற்சி தர எண்ணுகிறோம். இரண்டு மணி நேரக் காணொளி போதுமா?

பதில்: போதாது. பார்த்தது மறக்கும், யோசித்துப் பதில் சொன்னதுதான் மனத்தில் நிற்கும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. எனவே பாடத்தைச் சிறு துண்டுகளாக வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒவ்வொன்றோடும் ஒரு கேள்வி வையுங்கள்: தண்ணீர் முழங்காலைத் தொட்டுவிட்டது, பாட்டி வீட்டைவிட்டு வர மறுக்கிறார், என்ன செய்வீர்கள்? கைவேலையைத் திரை கற்றுத்தராதே என்பீர்கள். உண்மை. இதயத்துடிப்பு நின்றவரின் நெஞ்சை 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதைப் பொம்மைமீது பழகித்தான் ஆகவேண்டும். அதற்கு ஒருநாள் நேரில் கூடுங்கள். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும், அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள்.