ஏடிழந்த இனம்

நாட்டின் நாவெனத் தகுவது நாளேடு. அதனை அடக்காமல் படையாட்சி நிலைபெறுவதில்லை. இன்று மியான்மர் எனப்படும் பர்மாவே இதற்குச் சான்று.

1962 மார்ச் 2ஆம் நாள் படைத்தலைவர் நீ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அச்சகங்களையும் வெளியீடுகளையும் அரசுப் பதிவுக்கு உட்படுத்தும் சட்டம் அவ்வாண்டே வந்தது. 1963இல் 'நேஷன்' ஆங்கில நாளேடு மூடப்பட்டது. அதன் ஆசிரியர் எட்வர்ட் லா யோன் சிறைப்பட்டார். செய்தி வழங்கும் உரிமையை அரசு தன் செய்தி முகமைக்கே உரியதாக்கிக்கொண்டது.

1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. 50, 100 கியாட் தாள்கள் செல்லாதனவாயின. இந்து, இசுலாமியர் என்ற வேறுபாடின்றித் தமிழ் வணிகர் பலர் வெறுங்கையராய்க் கப்பலேறினர். 1966 முதல் பர்மிய, ஆங்கில மொழிகள் நீங்கலாகப் பிறமொழி நாளேடுகளுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. இரங்கூனின் தமிழ் நாளேடுகளும் அவற்றுடன் மறைந்தன. பொருளிழப்பினும் கொடியது, அவ்விழப்பை எடுத்துரைக்க ஏடில்லாமை.

2012இல் முன்தணிக்கை நீங்கியது. 2021 பிப்ரவரி 1இல் படையாட்சி மீண்டது. தந்த உரிமை பறிக்கப்படலாம். எழுதிவைத்த சான்று எளிதில் அழியாது. தமிழகம் திரும்பிய பர்மாத் தமிழ் முதியோரின் நினைவுகளை மாணவர் கேட்டெழுதுவாராயின், அன்று அச்சேறாத செய்தி இன்றேனும் ஏடேறும்.