மாங்கேணிக்கு இரண்டாம் முறையும் போங்கள்

பல்கலைக்கழகத்தில் முதியோர் ஆய்வு மையம் ஒன்றை எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் திட்ட முன்மொழிவைக் கையோடு கொண்டுவருகிறார்கள். இரண்டு மாடிக் கட்டடம், கணினி அறை, கருத்தரங்கு மண்டபம், திறப்பு விழாவுக்கு அமைச்சர். எந்த ஊரில், யாரிடம், என்ன கேட்கப் போகிறீர்கள் என்ற விவரம் கடைசிப் பக்கத்தில் நாலு வரியாக இருக்கும். அந்தக் கடைசிப் பக்கத்தை முதலில் எழுதுங்கள். வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தையும், அங்கிருந்து வடக்கே வாகரைக்குப் போகிற வழியில் கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் மாங்கேணியையும் மனதில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

இலங்கை வேகமாக மூப்படைகிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அறுபதைத் தாண்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பங்கு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சட்டமும் உண்டு: முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் பராமரிப்புச் சபையிடம் முறையிடலாம் என்று அது சொல்கிறது. தேசிய அளவில் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. ஆனால் நாடு முழுவதற்கும் எடுக்கும் மாதிரியில் வாகரை போன்ற ஒரு பிரதேசத்துக்கு விழுவது விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள்தான். அந்த வீடுகளை வைத்து வாகரையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கொழும்பு செய்ய முடியாததைச் செய்வதுதான் உங்கள் மையத்தின் வேலை. கொழும்பு செய்வதையே சின்னதாகச் செய்யப் போவதென்றால் தொடங்காமல் விடுவதே நல்லது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். சில கிராமங்களைத் தெரிவுசெய்து, அங்குள்ள வயதானவர்களைப் பதிவுசெய்து, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை அதே ஆட்களிடம் திரும்பப் போவது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992இல் தொடங்கிய ஆய்வு இப்படித்தான் நடக்கிறது. இந்தியா 2017-18இல் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் தொடங்கிய பேராய்வும் அதே வழியில் வந்தது. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை என்பீர்கள். வங்கதேசத்தின் மட்லப்பைப் பாருங்கள்: ஆற்றங்கரைக் கிராமங்களில் 1966 முதல் பிறப்பையும் இறப்பையும் இடப்பெயர்வையும் விடாமல் குறித்துவருகிறார்கள். கேரளம் இன்னும் பக்கம். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதயராஜனும் 1998இல் எடுத்த புலம்பெயர்வு ஆய்வு, ஒரு தடவையோடு முடிந்திருந்தால் நூலகத்தில் தூசி படிந்திருக்கும். சில வருட இடைவெளியில் மீண்டும் மீண்டும் எடுக்கப்பட்டதால்தான், வளைகுடாவுக்குப் போனவர்களையும் ஊரில் தங்கிவிட்ட பெற்றோரையும் பற்றிப் பேசும் எவரும் அதைத் தொடாமல் போக முடிவதில்லை.

இனிக் கேள்விகள். வெளிநாட்டுப் படிவத்தை மொழிபெயர்த்துக்கொண்டு மாங்கேணிக்குப் போனால் முதல் கேள்வியிலேயே தடக்குப்படும்: உங்கள் வயது என்ன? 2004 சுனாமியிலும், 2006-07 போரில் வாகரை மக்கள் இடம்பெயர்ந்தபோதும் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் பலர். அடையாள அட்டையில் உள்ள வருடம் எல்லோருக்கும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அதனால் நிகழ்ச்சிகளை வைத்து ஒரு வருட அட்டவணை தயாரித்துக் கொள்ளுங்கள். 57 வெள்ளத்தின்போது பள்ளிக்கூடம் போனீர்களா? 78 கார்த்திகைப் புயல் அடித்தபோது உங்களுக்குக் கலியாணம் ஆகியிருந்ததா, கையில் பிள்ளை இருந்ததா? புயலன்று இருபது வயதில் கைக்குழந்தையோடு இருந்த ஆச்சிக்கு இப்போது எழுபதுக்குக் கிட்ட இருக்கும். இப்படிக் கணிக்கும் வயதில் ஒன்றிரண்டு வருட வித்தியாசம் புள்ளிவிவரக்காரருக்குச் சின்னப் பிழை. ஆச்சிக்கு அது காசு. வறுமைப்பட்ட முதியோருக்கான மாதக் கொடுப்பனவு எழுபது வயதுக்கு மேல்தான். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 3,000 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. வயதுப் பதிவு பிழையானதால் கொடுப்பனவு கிடைக்காதவர் உங்கள் கிராமங்களில் எத்தனை பேர்? உங்கள் முதல் ஆய்வறிக்கைக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

அடுத்தது வீடு. ‘குடும்பத் தலைவர் யார்’ என்று படிவம் கேட்கும். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்வழி போவது. மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது அடுத்த மகளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்தக் குடிமுறையை விரிவாக எழுதியிருக்கிறார். ஒரே வளவு, இரண்டு அடுப்பு. கணக்கெடுப்பில் அது இரண்டு குடும்பம். கிழவி ‘தனியே வாழ்பவர்’ ஆகிவிடுவார். மறுபக்கம், ஒரே கூரைக்குள் இருந்தும் ஒருவரும் பார்க்காத கிழவர்களும் உண்டு. எனவே யாரோடு இருக்கிறீர்கள் என்று கேட்பதோடு நில்லாமல், நேற்று இரவுச் சோறு யார் தந்தது, காய்ச்சல் வந்தால் வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது, வளவின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். மகள் மத்திய கிழக்கில் இருந்தால் கேள்வியே தலைகீழாகிவிடும். அந்த வீட்டில் பேரப்பிள்ளைகளைப் பராமரிப்பவர் அம்மம்மா. அவரைப் ‘பராமரிக்கப்படுபவர்’ பட்டியலில் போட்டால் உங்கள் அட்டவணை முழுவதும் பொய்.

ஓய்வூதியத்தையும் விடாதீர்கள். விவசாயிகளுக்கான திட்டத்துக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் சட்டம் வந்தது. இரண்டும் தவணை தவணையாகப் பணம் கட்ட வேண்டிய வயதில் இருந்தவர்களை நம்பிய திட்டங்கள். அந்தப் போர் வருடங்களில் கிழக்கில் தோணியும் வலையும் என்ன நிலையில் இருந்தன என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. களப்பில் வலை வீசியே வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் அதில் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தொடர்ந்து கட்டினார்கள் என்பதை ஊர் ஊராக எழுதி வைக்க ஒரு மையம் வேண்டும்.

யாரை அனுப்புவது? அந்தப் பிரதேசத்துப் பேச்சு காதில் ஏறிய மாணவர்களை அனுப்புங்கள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் சமூகத்து முதியவர்களைத் தனி இனமாகக் காட்சிப்படுத்தவும் வேண்டாம், மற்றவர்களோடு கலந்து மறைத்துவிடவும் வேண்டாம். அங்கே வயதானவரிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டாலே போர் வந்து குந்திவிடும். காணாமல்போன மகனை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க மாணவர்களைப் பழக்குங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி முதலில். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்துவிடுங்கள். பெயர்ப்பட்டியலும் விடைகளும் ஒரே கணினியில் கிடக்கக் கூடாது.

நிர்வாகம் பற்றிச் சுருக்கமாக. பீடச் சபை, மூதவை, பேரவை, அதற்கு மேல் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்று கோப்பு ஏறி இறங்கக் காலம் எடுக்கும். காத்திருக்காமல் சமூகவியல் துறைக்குள் ஒரு சிறு அலகாகத் தொடங்குங்கள். மருத்துவத்திலும் பொருளியலிலும் ஒவ்வொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நிதி கிடைத்தால் நல்லது. ஆனால் மூன்று வருடத் திட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகையோடு மட்டும் நிற்கும் மையங்களை எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் பார்க்கலாம். தரவைப் பராமரிக்கும் ஒருவரின் சம்பளமாவது பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணத்தில் இருக்கட்டும். துணைவேந்தர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்ட வரும்போது நீங்களும் சம்மதிக்காதீர்கள்.

கிடைத்ததை யாருக்குக் கொடுப்பது? ஆங்கிலச் சஞ்சிகைக்குக் கட்டுரை எழுதுங்கள், பதவி உயர்வுக்கு அது வேண்டும். அதற்கு முன்னால் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பொன்று வாகரைப் பிரதேச செயலகத்தில் முதியோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் மேசைக்குப் போக வேண்டும். ஊர் முதியோர் சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்படவும் வேண்டும். நீங்கள் எழுதியது பிழை என்று அங்கே யாராவது எழும்பிச் சொன்னால் அடுத்த சுற்றின் படிவத்தைத் திருத்துங்கள். கணக்கெடுக்க வந்து போனவர்களை மாங்கேணி நிறையக் கண்டிருக்கிறது. இரண்டு வருடம் கழித்து நீங்கள் திரும்பப் போகாவிட்டால் உங்களையும் அந்தக் கூட்டத்தோடுதான் அது சேர்க்கும்.