கரண்ட் போனாலும் உங்கள் சான்றிதழ் நகல் தவறாமல் இருக்க…

2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் பட்டா, சாதிச் சான்று, மார்க் ஷீட் நனைந்து போனால் என்ன செய்வது என்றுதான் பலரும் அவற்றை ஸ்கேன் செய்து மடிக்கணினியில் வைக்கிறோம். சரி, அந்தக் கணினியே பழுதானால்? பென் டிரைவில் இன்னொரு நகல் வேண்டும். வாராவாரம் எடுக்க நமக்கு ஞாபகம் இருக்காது. லினக்ஸுக்கு இருக்கும்.

அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் பாஸ் லினக்ஸ் உண்டு. லினக்ஸில் 'கிரான்' என்றொரு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை தன் பட்டியலைப் பார்த்து, நேரம் வந்த வேலையைச் செய்யும். பட்டியலில் ஒரு வரி இப்படி இருக்கும்:

0 20 * * 0

இடமிருந்து வலமாக: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. நட்சத்திரக் குறி என்றால் 'எதுவானாலும் சரி'. கிழமையில் 0 என்றால் ஞாயிறு. ஆக, ஞாயிறுதோறும் இரவு 8 மணி. இதே வரியில், அடுத்ததாக நகலெடுக்கும் கட்டளையை எழுதுங்கள். கோப்புறையின் முழு முகவரியையும் கொடுங்கள். பாதி முகவரி கொடுத்தால் கிரானுக்கு இடம் தெரியாது.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்த 8 மணிக்குக் கணினி அணைந்திருந்தால், கிரான் அந்த வேலையை அப்படியே விட்டுவிடும். கரண்ட் வந்த பிறகும் திரும்பச் செய்யாது. அதற்குத்தான் 'அனாகிரான்'. இது மணியைப் பார்க்காது. கடைசியாகச் செய்து எத்தனை நாள் ஆச்சு என்றுதான் பார்க்கும். 7 நாள் என்று குறித்தால், கணினியை மறுபடி போட்டதும் விடுபட்ட வேலையை முடித்துவிடும். தினமும் அணைத்துவைக்கும் வீட்டுக் கணினிக்கு இதுதான் சரி. சில கணினிகளில் சார்ஜர் போட்டிருந்தால்தான் இது ஓடும். பென் டிரைவும் செருகியிருக்க வேண்டும்.

உங்கள் கையில் உள்ள ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கருவை வைத்து இயங்குவதுதான். அதன் தானியங்கி காப்பு நகலும் பெரும்பாலும் சார்ஜும் வைஃபையும் இருக்கும்போதுதான் நடக்கும். செட்டிங்ஸில் கடைசியாக நகலெடுத்த தேதியைப் பாருங்க.

மாதம் ஒருமுறை பென் டிரைவில் இருந்து ஒரு சான்றிதழைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல்.