மரத்தில் கை வைக்கும் முன்…

கலிஃபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ஊர்கள் அடுத்தடுத்து இருந்தாலும் மர விதிகள் ஊருக்கு ஊர் மாறும். வீட்டுத் தோட்டத்தில் 30 அங்குலச் சுற்றளவுள்ள கோஸ்ட் லைவ் ஓக் மரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மவுண்டன் வியூவில் அதை வெட்ட அனுமதி தேவை. அங்கே ஓக்குக்கு 12 அங்குலச் சுற்றளவே வரம்பு. பக்கத்துப் பாலோ ஆல்டோவில் வரம்பு 11.5 அங்குல விட்டம், அதாவது சுமார் 36 அங்குலச் சுற்றளவு. சான் ஹோசேயில் தனி வீட்டு மனை என்றால், எந்த வகை மரத்துக்கும் 38 அங்குலச் சுற்றளவு.

● அளவு: தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். விதி விட்டத்தைச் சொன்னால், சுற்றளவை 3.14ஆல் வகுக்கவும்.

● கிளை: மென்லோ பார்க்கில் விதிப்படி காக்கப்படும் பாரம்பரிய மரத்தின் கவிகையில் கால் பங்குக்கு மேல் கழிக்கவும் அனுமதி வேண்டும்.

● தெருவோர மரம்: பாலோ ஆல்டோவில் நகராட்சியே பராமரிக்கும். சான் ஹோசேயில் பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனாலும் அனுமதியின்றிக் கிளை கழிக்கக் கூடாது.

● பட்ட மரம்: காய்ந்துவிட்டதே என்று வெட்டிவிட வேண்டாம். சான் ஹோசேயில் அதற்கும் அனுமதி வேண்டும்.

விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், மரம் வெட்ட ஆள் பேசுவதற்கு முன் நகராட்சியில் நடப்பு வரம்பைக் கேட்டுக்கொள்வது நல்லது.